ஒரு மா எத்தனை சென்ட்? பைத்தானுக்குத் தமிழ்ல ரெஃபரன்ஸ் எழுதறது பத்தி

இன்னைக்கு எபிசோட் டாக்குமென்டேஷன் பத்தி. ஸ்கிப் பண்ணிடாதீங்க, ப்ளீஸ். தஞ்சாவூர் பக்கம் முதல் வருஷம் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க: "அண்ணா, பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். பைத்தான் எனக்குப் புரியுது. பைத்தானோட ரெஃபரன்ஸ் பக்கம்தான் புரியல."

ரொம்பச் சரியான கேள்வி. ஏன்னா, தமிழ்ல பைத்தான் சொல்லித்தர விஷயங்கள் இருக்கு. பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே இருக்கு. கணியம் 2012-லேர்ந்து 'எளிய தமிழில்'னு வரிசையா எழுதிட்டு வர்றாங்க. ஆனா பாடம் வேற, ரெஃபரன்ஸ் வேற. பாடத்துல ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார். ரெஃபரன்ஸ்னா ராத்திரி பதினோரு மணிக்கு ஒரே ஒரு சந்தேகத்தோட நீங்களே போய்த் தேடுறது. இந்த ஃபங்ஷனுக்கு என்ன கொடுக்கணும், என்ன திரும்பி வரும், எப்போ எரர் அடிக்கும்? அவ்வளவுதான் வேணும். கதை வேண்டாம்.

தேடறதுலதான் முதல் சிக்கல். ஃபங்ஷனைப் பள்ளிப் பாடத்துல 'செயற்கூறு'ன்னு படிச்சோம். கணக்குப் பாடத்துல அதே வார்த்தை 'சார்பு'. எழில் மொழியில 'நிரல்பாகம்'. ஆபீஸ்ல எல்லாரும் ஃபங்ஷன்தான். ஒரு பக்கத்துல செயற்கூறுன்னு மட்டும் எழுதி வச்சா, சார்புன்னு தேடறவங்களுக்கு அந்தப் பக்கம் இல்லாத மாதிரிதான். எந்த வார்த்தை சரின்னு சண்டை போடுறதை விட, நாலையும் பக்கத்தோட தலையில போட்டுடலாம்ங்கறது என் கட்சி.

எழில்னு சொன்னேன் இல்லையா, தெரியாதவங்களுக்காக: முத்து அண்ணாமலை உருவாக்கின தமிழ் நிரல்மொழி. 2009-ல அதைப் பத்தி ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். உள்ளே ஓடுறது பைத்தான்தான். பிரின்ட்டுக்குப் 'பதிப்பி'. இஃப் எழுதும்போது நிபந்தனை முதல்ல, அப்புறம்தான் 'ஆனால்'. நாம பேசற வரிசையே அப்படித்தானே! எனக்கு ரொம்பப் பிடிச்ச முடிவு அது. ஆனா ஒரு மொழியோட கட்டளைச் சொற்களைத் தமிழாக்கினா வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. 'பதிப்பி'க்கு எதையெல்லாம் கொடுக்கலாம்னு எங்கேயாவது எழுதியிருக்கணும்.

சரி, அந்தத் தங்கச்சி இன்னைக்கே செய்யக்கூடிய ஒண்ணு. பைத்தான் மூணுல செயற்கூறோட பெயரையே தமிழ் எழுத்துல வைக்கலாம். அதோட முதல் வரியா மூணு மேற்கோள் குறிக்குள்ள ஒரு விளக்கம் எழுதினா, அதுதான் டாக்ஸ்ட்ரிங். 'ஹெல்ப்'னு கூப்பிட்டா அந்த விளக்கம் அப்படியே தமிழ்ல வந்து நிக்கும்.

உதாரணத்துக்கு, மா கணக்கை ஏக்கரா மாத்தற செயற்கூறு. நம்ம டெல்டாவுல வயலை இன்னும் மாவுலதானே சொல்றாங்க? கோடு ஒரே வரி: முப்பத்துமூணால பெருக்கி நூறால வகுக்கணும். இதுக்கு டாக்ஸ்ட்ரிங் "மாவை ஏக்கராக மாற்றும்"னு எழுதினா அது பிரயோஜனமே இல்ல, பெயர்லயே அது தெரியுது. "இங்கே ஒரு மா என்பது 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் 0.99 ஏக்கர் என்று வரும், 1 அல்ல. எண்ணை மட்டும் கொடுக்கவும். 'மூணு' என்று எழுத்தில் கொடுத்தால் எரர்." இதுதான் ரெஃபரன்ஸ். மூணு மா ஒரு ஏக்கர்னு சொல்லிப் பழகின எங்க அப்பா மாதிரி ஆளுக்கு அந்த 0.99 எங்கிருந்து வந்துச்சுன்னு கோடைப் பாத்தா விளங்காது. எழுதினவருக்கு மட்டும் தெரிஞ்ச முடிவு அது.

இன்னொண்ணு, நெட். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் நாள்கணக்கா கரண்ட் இல்ல. ஜெனரேட்டர் இருக்கிற கடையில லேப்டாப்பைச் சார்ஜ் போட்டுடலாம், சிக்னலுக்கு எங்க போறது? பைத்தானோட சேர்ந்தே 'பைடாக்'னு ஒண்ணு வருது. 'மைனஸ் பி' சேர்த்து ஓட்டினா, உங்க மெஷின்ல இருக்கிற எல்லா மாட்யூலோட விளக்கமும் பிரௌசர்ல திறக்கும். நெட் தேவையே இல்ல. அதிகாரபூர்வ ஆவணம் முழுசையும் ஜிப்பா இறக்கியும் வச்சுக்கலாம்.

கடைசியா, அந்த அதிகாரபூர்வ ஆவணத்தையே தமிழாக்கலாமா? வழி இருக்கு. 2017-ல வந்த பெப் 545 அதுக்குத்தான். பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியன் எல்லாம் அந்த வழியிலதான் வந்துச்சு. மூலத்தைப் பத்தி பத்தியா பிரிச்சு ஒரு ஃபைல்ல வச்சிருப்பாங்க. நீங்க மொழிபெயர்த்தது உங்க மொழியில தெரியும், பாக்கி ஆங்கிலத்துலயே தெரியும். அதனால ஒரே ஆள் மொத்தத்தையும் முடிச்சாகணும்னு இல்ல. ஆனா மேல இருக்கிற மொழிப் பட்டியல்ல பேர் வரணும்னா டுடோரியலும், பில்ட்-இன் ஃபங்ஷன்கள் பக்கமும் முழுசா முடிஞ்சிருக்கணும்.

நான் பில்ட்-இன் பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிப்பேன். 'லென்', 'சார்ட்டட்', 'ரேஞ்ச்' எல்லாம் தினமும் தேடறது. ஒவ்வொண்ணும் சின்னப் பத்தி, ஒரு சாயங்காலத்துல ரெண்டு முடிச்சிடலாம். 'ஆர்க்யூமென்ட்'டுக்குத் தமிழ்ல என்ன போடலாம்னு உங்க யோசனையை அனுப்புங்க. அதுக்கும் நாலு வார்த்தை வரும்னு தெரியும், பரவாயில்ல.