தினம் ஒரு பூ, தினம் ஒரு படம்

(தோட்ட மாதர் சங்கத்தின் மார்கழிக் கூட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



பூவைப் படம் பிடிப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். "பிரட்டுக்கு ஓடவே நேரம் பத்தல, இதுல பூப்படம் ஒரு கேடா?" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்டதும் என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

எங்கம்மா முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தவர். ரோட்டோர மலையில் நிற்கும்போது வேன்கள் வந்து நிற்கும். வெளிநாட்டுக்காரர் இறங்கிப் படம் பிடிப்பார்கள். சிரிக்கச் சொன்னால் அம்மாவும் சிரிப்பார். அவர் இறந்த அன்று மாலை போட ஒரு படம் தேடினோம். அடையாள அட்டைப் படம்தான் கிடைத்தது. பெரிதாக்கினால் முகம் கலங்கிப் போச்சு. எந்தெந்த நாட்டிலேயோ எங்கம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார். எங்க காம்பராச் சுவரில் மட்டும் இல்லை.

இது இன்று நேற்று நடப்பதல்ல. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவர் குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. தோட்டத்து ஆட்களையும் அவர் படம் பிடித்தார். 1879இல் இறந்தார். கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. அவர் பெயர் உலகத்துக்கே தெரியும். அவர் எடுத்த நம்மாட்கள் பலருடைய பெயரைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவரிடம் நாம் படிக்க ஒன்று உண்டு: அவர் கையில் முதல் கமரா வந்தபோது வயது நாற்பத்தெட்டு. "இனிமே எனக்கு எதுக்கு" என்று எந்த அம்மாவும் சொல்ல வேண்டாம்.

இன்று நம் வீட்டிலும் ஒரு போன் இருக்கிறது. முதலில் சின்னம்மாவைத்தான் எடுக்கப் போனேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் கையும் நடுங்கியது. சரி, பூ வெட்கப்படாதே என்று வாசலுக்குப் போனேன். அம்மா வைத்த டேலியா, செவ்வந்தி, ஹைட்ரேஞ்சியா எல்லாம் அங்கேதான் நின்றன. மார்கழி முப்பது நாளும் கோலம் போடுகிறோமே, அதுபோல நாளுக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டேன். நேற்றுப் போட்ட கோலம் அழிந்தாலும் இன்றைக்குக் கை நிற்பதில்லை அல்லவா?

அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். வெள்ளனே, வெயில் ஏறுமுன் எடுங்கள். வெளிச்சம் மென்மையாக இருக்கும். நின்றபடி எடுக்காமல் பூவின் மட்டத்துக்குக் குந்துங்கள். ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். ரொம்பக் கிட்டப் போனால் கலங்கிவிடும். காம்பராக் கதவைத் திறந்து வைத்து, உள்ளிருட்டு பூவுக்குப் பின்னால் வரும்படி பாருங்கள். நாம் குறைசொல்கிற அந்த இருட்டு, பூவைத் தூக்கிக் காட்டும். வெள்ளைப் பூ வெளிறிப் போனால் திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். குளிர்ந்த போனை அடுப்பங்கரைக்குக் கொண்டு போனால் கண்ணாடியில் ஆவி படியும். துணியால் துடைத்துவிட்டு எடுங்கள்.

தினமும் பார்த்தால் கண் கேள்வி கேட்கும். நம்ம ஹைட்ரேஞ்சியா ஏன் நீலம்? மண்ணில் புளிப்பு இருப்பதால். தேயிலைக்குப் பிடித்த அதே புளிப்புத்தான். தை பிறந்ததும் ஒரு நாள் உறைபனி விழுந்தது. மேகமும் காற்றும் இல்லாத இரவில்தான் அது விழும். டேலியா இலையோரம் உப்புத் தூவினாற்போல் இருந்தது. எடுத்தேன். வெயில் பட்டதும் செடி கறுத்துச் சாய்ந்தது. அதையும் எடுத்தேன். அன்று மலையில் கொழுந்தும் கருகிக் கிடந்தது. அழகு மட்டும்தான் படம் என்றில்லை, நம் வாழ்க்கையும் படம்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

ஒரு மாதம் கழிந்து, நான் குந்தியிருந்தபோது சின்னம்மா தானே வந்து செவ்வந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னையும் ஒண்ணு எடு புள்ள" என்றார். என் கை நடுங்கவில்லை. ஒரு மாதம் பூக்கள்தான் அந்தக் கைக்குப் பழக்கம் கொடுத்திருந்தன. டவுனில் பிரதி போட்டு, பின்புறம் அவர் பெயரையும் தேதியையும் எழ்தினேன். இப்போது சுவரில் இருக்கிறது.

பின்வரிசை அக்காவுக்கு என் பதில் இதுதான். பிரட்டுக்கு முன் ஒரு நிமிஷம் போதும். நாளைக் காலையில் ஒரு பூவில் தொடங்குங்கள். தைப்பொங்கலுக்குள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பூச்செடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து எடுங்கள். பெயரை மறக்காமல் எழுதுங்கள்.