பின் அச்சில் இரு வேகம்



பழைய மோட்டார் வண்டிகளைப் பேணிக் காப்போருள், அமெரிக்காவிலே ‘மொடல் ரீ’ என்னும் போர்ட் வண்டியை வைத்திருப்போர் தனியொரு கூட்டத்தினர். 1908ஆம் ஆண்டு முதல் 1927ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் இவ்வகையில் உருவாயின. கமக்காரனும் மருத்துவனும் ஒருங்கே ஏறிச் சென்ற வண்டி அது. அதன் பின் அச்சில் மேலும் ஒரு வேகத்தைப் பொருத்தும் கலையைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். கலைப் பட்டதாரியாகிய எனக்கு இயந்திரத்தில் என்ன அலுவல் என்று நேயர்கள் வினவலாம். பெருக்கல் தெரிந்த எவரும் இதனை விளங்கிக்கொள்ளலாம் என்பதே என் விடை.

மொடல் ரீ வண்டியின் வலு 20 குதிரைவலு மாத்திரமே. முன்னோக்கிச் செல்ல இரண்டே வேகங்கள். உயர் வேகத்தில் எஞ்சின் 3.64 முறை சுழல, பின் சில்லு ஒரு முறை சுழலும். தாழ் வேகத்தில் அந்த எண் 2.75 மடங்காகி, ஏறத்தாழ 10 ஆகிவிடும். மூன்றரைக்கும் பத்துக்கும் இடையே ஒரு படியும் இல்லை! சற்றே சாய்வான மேடு வந்தால் உயர் வேகத்தில் எஞ்சின் திணறும். தாழ் வேகத்திலோ எஞ்சின் இரைய, வண்டி நத்தைபோல் ஊரும். அதுவும் இடக்கால் மிதியை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் தாழ் வேகம் நிலைக்கும். நீண்ட மலைப்பாதையில் காலும் சோரும், உள்ளேயிருக்கும் பட்டியும் தேயும்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே றக்ஸ்ரெல் அச்சு. குளோவர் றக்ஸ்ரெல் என்பாரின் பெயரைத் தாங்கிய இது, கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரில் இருந்த ஹோல்-ஸ்கொற் நிறுவனத்தில், 1920களில், செய்யப்பட்டது. போர்ட் நிறுவனத்தின் ஒப்புதலோடு அதன் முகவர்களே விற்றனர். ஆகவே, பழமையைக் கெடுக்கின்றார் என்று இதைப் பொருத்துவோரை நான் குறை கூறமாட்டேன். அக்காலத்தவர் செய்ததையே அவர்களும் செய்கின்றார்கள்.

இதன் உள்ளமைப்பை விளக்கச் சூரியனையும் கோள்களையும் துணைக்கழைக்கலாம். உட்புறம் பல் வெட்டிய ஒரு வளையம். நடுவே சூரியன் எனப்படும் பற்சில்லு. இரண்டுக்குமிடையே, ஒரு தாங்கியிற் பொருத்திய சிறு பற்சில்லுகள். வளையத்தை எஞ்சின் சுழற்றும். பின் சில்லுகளைத் தாங்கி சுழற்றும். சூரியனை அசையாது பிடித்துவிட்டால், சிறு பற்சில்லுகள் அதனைச் சுற்றி உருண்டு செல்லும். தாங்கி வளையத்தை விட மெதுவாகச் சுழலும். சூரியனைத் தாங்கியோடு பிணைத்துவிட்டாலோ எல்லாம் ஒரே கட்டியாகச் சுழலும். அச்சில் புதிதாக ஒன்றுமே இல்லாதது போலாகும். மெதுவான நிலையில் மூன்றரை என்ற எண் ஏறத்தாழ ஐந்தரை ஆகின்றது. மேட்டுக்கு வேண்டிய இடைப்படி இதுவே. இரண்டு தாழ் வேகங்களையும் ஒருங்கே சேர்த்தால் ஏறத்தாழ 15 கிடைக்கும். சேற்று நிலத்துக்கு அது உகந்தது.

பொருத்துவதில் பெரிய மாயம் இல்லை. வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி, அச்சு முழுவதையும் கழற்றி இறக்குவர். அச்சின் உறை இரு பாதிகளாக இருப்பதால், இடப்பாதிக்குப் பதிலாக றக்ஸ்ரெல்லின் உறையை இடுவர், வலப்பாதி பழையதே. திறந்திருக்கும் வேளையில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். பழைய அச்சுகளில் பக்க அழுத்தத்தைத் தாங்கும் வளையங்கள் பாபிற்று என்னும் மென்மையான உலோகக் கலவையால் ஆனவை. பல பத்தாண்டுகள் கடந்தபின் அவை நொறுங்கி எண்ணெயோடு கலந்துவிடும். அப்போது பற்சில்லுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். எனவே அவற்றை எறிந்துவிட்டு வெண்கல வளையங்களை இடுவதே முறை. “இன்னும் நன்றாகத்தானே இருக்கின்றன” என்று மீண்டும் பழையவற்றையே இடுவது சிக்கனமன்று.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றேன் என்பதற்குக் காரணம் உண்டு. மொடல் ரீ வண்டியில் கால்மிதியால் இயங்கும் பிறேக் பின் சில்லுகளில் இல்லை. அது எஞ்சினோடு ஒட்டிய வேகமாற்றுப் பெட்டியினுள் இருக்கின்றது. அதன் பிடி சில்லைச் சென்றடைய, இடையிலுள்ள தண்டும் பற்சில்லுகளும் இணைந்திருக்கவேண்டும். றக்ஸ்ரெல் அச்சிலோ உயர்வுக்கும் தாழ்வுக்கும் நடுவே, எதனோடும் இணையாத நிலை ஒன்றுண்டு. இறக்கத்தில் ஓட்டுநர் கைப்பிடியை மாற்றும்போது அது நடுவிலே நின்றுவிட்டால், எஞ்சினின் இழுவையும் இல்லை, மிதி பிறேக்கும் இல்லை. வண்டி தன்பாட்டில் பள்ளம் நோக்கி ஓடும். எஞ்சியிருப்பது பின் சில்லுகளிற் செயற்படும் கைப்பிறேக் ஒன்றே. அது நின்ற வண்டியை நிறுத்திவைக்க ஆக்கப்பட்டது. ஓடும் வண்டியை மலைச்சரிவில் அடக்க அது போதாது.

ஆதலால் இரு வேக அச்சைப் பொருத்துவோர், பின் சில்லுகளின் உருளைகளை வெளியிலிருந்து பட்டியாற் பற்றும் துணைப் பிறேக்கையும் பொருத்தவேண்டும். அமெரிக்காவின் மலைத்தொடரொன்றின் பெயரால் இதனை ‘றொக்கி மவுண்டன்’ பிறேக் என்பர். என்னைக் கேட்டால், பிறேக்கை முதலில் பொருத்தி, அச்சுக்கு அடுத்த மாதம் பணம் சேர்ப்பதே நன்று என்பேன். வேகத்தைக் கூட்டும் செலவுக்கு முன்வரும் கை, நிறுத்தும் செலவுக்குப் பின்வாங்குவது எந்நாட்டு வழக்கமோ, அறியேன்! அச்சின் முனைகளில் எண்ணெய் கசியாதிருக்கின்றதா என்பதையும் பார்க்கவேண்டும். கசிந்த எண்ணெய் உருளையை நனைத்தால் பட்டி வழுக்கும்.

வேலை முடிந்ததும், சில்லுகள் நிலத்திற் படாதபடி வண்டியைத் தாங்கிகளில் நிறுத்தி, எஞ்சினை மெல்ல ஓட்டி, கைப்பிடி இரு பக்கமும் முழுமையாகச் சென்று நிலைக்கின்றதா என்று பார்ப்பர். பின்னர் சமதரையில் ஓட்டிப் பழகவேண்டும். மேட்டின் அடிவாரத்திலேயே தாழ்நிலைக்கு மாற்றிவிடவேண்டும். இறக்கம் தொடங்குமுன், உச்சியிலேயே வண்டியை நிறுத்தி, தாழ்நிலை பற்றியிருப்பதை உறுதிசெய்த பின்னரே இறங்கவேண்டும். சரிவின் நடுவே கைப்பிடியைத் தொடலாகாது.