ஆண்டுப் பிறப்பும் வீட்டு அடுப்பும்
(பொங்கல் விழாக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

"தமிழாண்டுப் பிறப்பு தையா, சித்திரையா?" என்று தலைப்புக் கொடுத்து என்னை இங்கே நிறுத்தியிருக்கின்றீர்கள். தை என்று சொல்லிக் கைதட்டல் பெற்று அமர்ந்துவிடுவது எளிது. நீங்கள் அனைவரும் தை என்பவர்கள், நானும் அவ்வாறே. ஆயினும், ஒத்த கருத்துடையோர் அதையே ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்வதால் எந்த வீட்டுப் பழக்கமும் மாறிவிடாது. ஆகலின், நம்மவர் காட்டும் சான்றுகளுள் நில்லாத ஒன்றையும் சேர்த்தே பேசக் கருதுகின்றேன்.

சித்திரை முதல் நாளே தொன்றுதொட்டு ஆண்டுப் பிறப்பு, அதனை மாற்றுவது முன்னோர்க்குச் செய்யும் இழுக்கு என்பார் உளர். முன்னோர் யாது செய்தனர்? தொல்காப்பியம் பெரும்பொழுதுகளைக் காரிலிருந்து தொடங்குகின்றது. கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். அந்நூலுக்கு உரை வரைந்த நச்சினார்க்கினியரும் ஆண்டினை ஆவணியிலிருந்தே எண்ணுகின்றார். கி.பி. 825-இல் தொடங்கிய கொல்லம் ஆண்டோ, இன்றுவரை ஆவணிக்கு நேரான சிங்கத் திங்களில் பிறக்கின்றது. நெல்லை, குமரிப் பகுதிகளின் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு எழுதப்பட்டிருத்தலை நீங்களே கண்டிருப்பீர்கள். ஆண்டெண்ணைச் சிங்கத்தில் மாற்றும் மலையாளியர், கனி காண்பதும் சிறார்க்குக் காசு கொடுப்பதும் மேடத்தில் வரும் விசு நாளிலே. எண்ணுக்கு ஒரு தொடக்கம். அடுப்புக்கு வேறொரு தொடக்கம்! ஆக, ஆண்டின் தலைநாள் அசையாத கல்லாக என்றும் இருந்ததில்லை.

இனி நம் பக்கத்திற்கு வருவோம். தை முதல் நாளில் ஞாயிறு வடக்கே திரும்புகின்றது, அதனால் அதுவே இயற்கையான ஆண்டுப் பிறப்பு என்று நம் மேடைகளில் முழங்குகின்றனர். தோழர்களே, ஞாயிறு வடக்கே திரும்புவது திசம்பர் 21 அல்லது 22-ஆம் நாள். தை பிறப்பதோ சனவரி 14 அல்லது 15. இடையே ஏறத்தாழ 24 நாள் இடைவெளி. புவியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், விண்மீன்களை அளவாகக் கொண்ட நம் திங்கள்கள் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவத்தினின்று பின்தங்கிக்கொண்டே வருகின்றன. ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகட்கு முன் இரண்டும் ஒன்றாயிருந்தன, இன்று இல்லை. சித்திரைக்காரர்க்கும் இதே நிலைதான். இளவேனிலில் பகலும் இரவும் ஒத்து நிற்கும் நாள் மார்ச்சு 20 அல்லது 21. சித்திரை பிறப்பதோ ஏப்பிரல் 14. வானத்தைச் சான்றுக்கு அழைத்தால் அது இருவரையும் கைவிட்டுவிடும். அச் சான்றை நாமே முதலில் விட்டுவிடுவது நமக்கு அழகு.

அவ்வாறாயின் தைக்கு என்ன வலிமை? களத்து நெல்லே வலிமை. புதுநெல், புதுப்பானை, புத்தாடை, வெள்ளையடித்த சுவர், முதல் நாளே எரித்துப் போக்கிய பழம்பாய். ஆண்டுப் பிறப்புக்கு வேண்டிய செயல் அனைத்தும் அங்கே முன்னரே கூடியிருக்கின்றன. பெயர் ஒன்றே குறை.

சித்திரையில் நம்மை உறுத்துவது அந்த நாளன்று. அந் நாளோடு ஒட்டிக்கொண்ட அறுபது பெயர்கள். பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபதும் வடசொல். ஒன்றேனும் தமிழில் இல்லை. மொழிக்குறை ஒருபுறம் இருக்க, அவை எண்ணவும் பயன்படா. 1867-உம் பிரபவ, 1927-உம் பிரபவ, 1987-உம் பிரபவ. தாத்தன் பிறந்த ஆண்டும் பெயரன் பிறந்த ஆண்டும் ஒரே பெயர் பெற்றால், வரலாற்றை எதைக் கொண்டு எழுதுவது? இக் குறையைத் தீர்க்கவே அறிஞர்கள் திருவள்ளுவர் ஆண்டை முன்வைத்தனர். தமிழ்நாட்டரசு 1971-இல் தன் நாட்குறிப்பிலும் 1972-இல் அரசிதழிலும் அதனை மேற்கொண்டது.

அடுத்து 2008. தை முதல் நாளே தமிழாண்டுப் பிறப்பு எனச் சட்டமியற்றப்பட்டது. நாம் மகிழ்ந்தோம். 2011-இல் அடுத்து வந்த அரசு அச் சட்டத்தை நீக்கியது. நாம் வருந்தினோம். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வீடுகளில் நடந்தது என்ன? சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி முன்போலவே கிண்ணங்களில் இருந்தது; கோயில்களில் ஐந்திறம் முன்போலவே படிக்கப்பட்டது. சட்டத்தை நாம் கொண்டாடினோமேயன்றி, தை முதல் நாளில் எந்த வீட்டிலும் புதிதாக ஒரு செயலைச் சேர்த்தோமில்லை.

பாரசீக நாட்டைப் பாருங்கள். 1976-இல் அந்நாட்டு மன்னர் வழக்கிலிருந்த ஆண்டெண்ணை நீக்கி, 1355 என வரவேண்டியதை 2535 என எழுதச் செய்தார். இரண்டே ஆண்டு; 1978-இல் பழைய எண்ணே திரும்பியது. நம் 2008, 2011 கதைதான். ஆனால் அவர்களின் 'நவ்ரூசு' என்னும் ஆண்டுப் பிறப்பு, இளவேனிலின் ஒப்பநாளை விட்டு ஓரடியும் நகரவில்லை. ஏன்? அன்று ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் எழுத்துகளுள் ஒன்றான 'சீன்' என்பதில் தொடங்கும் ஏழு பொருள்களைப் பரப்பி வைக்கின்றனர். பூண்டு, ஆப்பிள், புளிக்காடி, முளைத்த பயிர் என அவை செல்லும். பயிரை முளைக்க வைப்பதில் சிறாருக்கும் பங்குண்டு. விழாவே தாய்மொழியின் ஓர் எழுத்தைக் கற்றுக்கொடுக்கின்றது! இதில் நாம் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு: இந்த ஏழு பொருள் வழக்கம், இன்றைய வடிவில், மிகப் பழமையானதன்று. சில தலைமுறைகளில் வேரூன்றியதே.

சப்பானியர் நாளையே மாற்றினர். அவர்களின் பழைய நாட்காட்டியில் பன்னிரண்டாம் திங்கள் இரண்டு நாளே ஓடிற்று. மறுநாள் 1873 சனவரி 1 என்றாயிற்று. அரசு அறிவித்து ஒரு திங்கள்கூட ஆகவில்லை. (பழைய கணக்கில் அடுத்த ஆண்டுக்குப் பதின்மூன்று திங்கள், ஒரு திங்கள் சம்பளம் அரசுக்கு மிச்சம் என்பதும் உள்நோக்கமாம்!) சிற்றூர்கள் பல தலைமுறை பழைய நாளை விடவில்லை. ஆயினும் வாயிலில் நடும் பைன்கிளை, அரிசியை இடித்துச் செய்யும் பண்ணியம், சிறார்க்குக் கொடுக்கும் காசு ஆகிய அனைத்தும் மெல்லமெல்லப் புதுநாளுக்குக் குடிபெயர்ந்தன. அவை பெயர்ந்த பின்னரே நாள் நிலைத்தது.

இங்கோ, நாம் தையா சித்திரையா என்று பொருதுகொண்டிருக்க, நம் பிள்ளைகள் திசம்பர் 31 நள்ளிரவுக்கு விழித்திருக்கின்றனர். அப்பம் வெட்டி 'ஏப்பி நியூ இயர்' என்று கூவுகின்றனர். அவர்களைக் கடிந்து பயனில்லை. அந்த நள்ளிரவில் அவர்கள் செய்வதற்கு ஒரு செயல் இருக்கின்றது. தை விடியலில் பால் பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்" என்று கூவிய பின் நாம் அவர்களுக்குக் கொடுக்கும் செயல் யாது? தொலைக்காட்சியின் முன் அமர்த்திவிடுகின்றோம்.

ஈழத்தில் 'கைவிசேடம்' என்றும், மலையாளத்தில் 'கைநீட்டம்' என்றும் பெரியோர் சிறார்க்குக் காசு வழங்கும் வழக்கம் சித்திரைப் பிறப்புக்கு உரியது. அதனை நாம் தை முதல் நாளுக்கும் எடுத்துக்கொள்வோம். காசு பொதியும் தாளின்மேல் திருவள்ளுவர் ஆண்டை எழுதுங்கள். கிறித்து ஆண்டெண்ணோடு 31 கூட்டினால் அது வரும். கூட்டிப் பார்த்து எண் சரியாயிருக்கின்றதா என்று பிள்ளையே சொல்லட்டும். சொன்ன பின் காசைக் கொடுங்கள்.

சித்திரை முதல் நாளில் பாட்டி வேப்பம்பூப் பச்சடி நீட்டினால் மறுக்கவேண்டா. உண்டு, அதன் செய்முறையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேம்பு பூப்பது அப்பொழுதுதான். தையில் அது கிடைக்காது.