சொல் முந்த வேண்டும்



வட அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில், ஊர் மன்றங்களில் இன்றும் ஆடப்பட்டு வருவது 'காண்ட்ரா' என்னும் குழு நடனம். இங்கிலாந்தின் நாட்டுப்புற நடனங்கள் அதன் வேர்களுள் முதன்மையானவை. அத்தகைய நடனங்களைத் தொகுத்து ஜான் பிளேஃபோர்டு என்பார் 1651-இல் நூலாக வெளியிட்டார்.

ஆடுவோர் இரு நெடிய வரிசைகளில் எதிரெதிரே நிற்பர். இரண்டு இணைகள் சேர்ந்தது ஒரு குழு. ஒரு சுற்றுக்கு இசை 64 தட்டுகள். அது 16 தட்டுகள் கொண்ட நான்கு பகுதிகளாக அமையும். சுற்று முடிந்ததும் ஒவ்வோர் இணையும் ஓரிடம் நகர்ந்து, புதியதோர் இணையைச் சந்திக்கும். வரிசையின் முனையை அடைந்த இணை ஒரு சுற்று காத்திருந்து மீண்டும் ஆட்டத்தில் சேரும். இவ்வாறு, அறிமுகமற்றவர்களும் ஒருவரோடொருவர் கைகோத்து ஆடுகின்றனர்.

இவர்களை நடத்துபவர்க்கு 'அழைப்பவர்' என்று பெயர். முதலில் இசையின்றி அடவுகளை நடந்து பழகச் செய்வார்; பின்னர் இசையோடு ஒவ்வோர் அடவையும் கூவி அறிவிப்பார். முந்தைய அடவின் கடைசித் தட்டுகளிலேயே அடுத்த அடவின் பெயர் ஒலித்து முடிய வேண்டும். காலோடு சேர்ந்து வரும் சொல் காலம் கடந்த சொல்லே ஆகும்.

சொல்லினும் இன்றியமையாதது அடவுகளின் இசைவு. வலக்கை பற்றிச் சுழன்றவரை, அடுத்தவரிடமும் வலக்கையையே நீட்டச் சொன்னால் அக்கை இன்னும் விடுபட்டிராது, ஆட்டம் தடைப்படும். இடக்கையை நீட்டச் சொன்னாலோ, உடல் தானே வளைந்து செல்லும். கடிகார முள்ளின் திசையில் வட்டமாகச் சுற்றி வந்தோரை, அதே திசையில் இணையோடு சுழலவிட்டால் வேகம் வீணாவதில்லை.

இசைவற்ற அடவையும் பழகியவர் சமாளித்து விடுவார், திகைப்பவர் புதியவரே. ஒருவர் திகைத்தால் நால்வர் நிற்பர். நால்வர் நின்றால் அடுத்த குழுவும் தடுமாறும். அப்பொழுது புதியவர், பிழை தம்முடையதே என நாணி ஒதுங்கிவிடவும் கூடும். உண்மையில் அது அடவுகளைக் கோத்தவரின் பிழையாகவே இருக்கலாம். ஆதலின், அரங்கில் புதியவர் எத்தனை பேர் என்று பார்த்தே நல்ல அழைப்பவர் நடனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

சில சுற்றுகள் கழிந்ததும் அவர் சொற்களைக் குறைப்பார், இறுதியில் வாளாவிருப்பார். இசையும் ஆட்டமும் மட்டும் தொடரும். அவருடைய வெற்றி அந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

அயலூரில் குடியேறி, பழகாத வரிசையில் இடம் தேடி நின்ற நமக்கு இக்கலையின் அருமை விளங்காமற் போகாது. இனி நம்மிடையே புதிதாய் வருவோர்க்கு உரிய வேளைக்குச் சற்று முன்னரே வழி சொல்ல நாமும் கற்றுக்கொள்வோமாக.