சிறாரும் வானமும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சிறார்க்கு வானத்தின் இயக்கத்தைக் கற்பிக்கும் முறைபற்றிச் சில சொல்லுமாறு எம்மைப் பணித்தீர்கள். எம்பால் நிகழ்ந்த பிழையொன்றைக் கூறித் தொடங்குகின்றோம்.

ஒருநாள் மாலை, ஆறாண்டுச் சிறுமியொருத்தி, "நான் நடந்தால் நிலாவும் என்னோடு நடக்கிறதே, ஏன் ஐயா?" என்று வினவினாள். யாம், "நிலா நடக்கவில்லை, பூமிதான் சுழல்கிறது, போ" என்று கடிந்தோம். அது பொருந்தா விடை என்பது பின்னரே எமக்குப் புலனாயிற்று. நிலா ஏறத்தாழ 2,39,000 மைலுக்கு அப்பாலுள்ளது. ஆதலின், நாம் நூறடி நடப்பினும் அது நிற்குந் திசை மாறுவதில்லை. அருகிலுள்ள மரங்களோ பின்னே செல்கின்றன. அதனால் நிலா உடன்வருவதாகத் தோன்றுகின்றது. அச்சிறுமி அதன்பின் எம்மிடம் ஒன்றும் வினவினாளில்லை. அஃது இன்றும் எம்மை உறுத்துகின்றது.

ஆகவே, விடையைத் திணித்தற்குமுன் காட்சியைக் காட்டுமின். முற்றத்தில் ஒரு கோலை நட்டு, காலை, உச்சி, மாலை ஆகிய பொழுதுகளில் நிழலின் நுனியிற் கூழாங்கல் வைக்கச் செய்ம்மின். மேற்கே நீண்ட நிழல் குறுகிப் பின் கிழக்கே நீளுதலைக் குழந்தை தானே காணும். சென்னையில் சித்திரையில் ஒரு நாளும் ஆவணித் தொடக்கத்தில் ஒரு நாளும் உச்சிப்பொழுதில் நிழல் கோலடியிலே ஒடுங்கும். ஞாயிற்றை நேரே நோக்கவிடலாகாது, நிழலே போதும். பிறை தோன்றிய நாள்தொட்டு ஏழு நாள், அந்தியில் ஒரே இடத்தினின்று திங்களைக் காட்டுமின். நாடோறும் அது கிழக்கே தள்ளி நிற்றலைக் குழந்தைகளே உரைப்பர்.

இவற்றைக் கண்ட பின்னரே பூமியின் சுழற்சியைக் கூறல் தகும். கி.பி. 499-இல் ஆரியபடர் தம் நூலில் இதற்கு ஓடத்தை உவமை காட்டினார். செல்லும் ஓடத்திலிருப்பார்க்குக் கரையிலுள்ளவை பின்னே செல்வனபோலத் தோன்றுமன்றோ? நம் சிறார் புகைவண்டியில் அதனைக் கண்டிருப்பர். ஓரிடத்தில் விளக்கை ஏற்றி, அதனருகே குழந்தையை இடப்புறமாக மெல்லச் சுழலச் செய்ம்மின். விளக்கு இடக்கண்ணருகே தோன்றி வலக்கண்ணருகே மறையும். உதயமும் அத்தமனமும் இத்தகையனவே.

பெரியோர்களே! சங்கம் உபகாரச் சம்பளம் அளிக்கலாம்; புத்தகமும் அளிக்கலாம். மாலையில் அரை நாழிகை குழந்தையுடன் முற்றத்தில் நிற்றல் பெற்றோராலேயே ஆவது. பெண்மகவென்று ஒதுக்கற்க, எம்மை வினவியவளும் பெண்மகவே. விடை தெரியாதாயின் கடிந்து அனுப்பாது, "வா, பார்ப்போம்" என்று கைப்பற்றி அழைத்துச் செல்லுமின். எம்போற் பிழைசெய்து பின் வருந்தற்க.