எங்கே நோகுது?



வைத்தியர்களான நாங்கள் நோயாளியிடம் முதலில் "எங்கே நோகுது?" என்று கேட்கிறோம். கணக்கில் பிந்திய பிள்ளையிடம் மட்டும் ஏனோ கேட்பதில்லை. பிழை போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கிறோம். (எங்கள் கொப்பிகளிலும் சிவப்புக் கோடுகளுக்குக் குறைவில்லை; தோழிகள் அறிவார்கள்.)

பழைய மாணவிகள் நால்வர் சனிக்கிழமைகளில் தரம் 5 பிள்ளைகளுடன் இருக்கிறோம். ஒரு பிள்ளை 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதினாள். மூன்று கிழமை கடன் வாங்கும் முறையையே திரும்பத் திரும்பச் சொன்னோம். தலையாட்டினாள், விடை மாறவில்லை. நான்காம் கிழமைதான் "எப்படிச் செய்தனீர், பிள்ளை?" என்று கேட்டோம்.

"ரெண்டிலயிருந்து எட்டைக் கழிக்கேலாது, ரீச்சர். அதான் எட்டிலயிருந்து ரெண்டைக் கழிச்சனான்."

கவனயீனம் அல்ல, சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது என்று பெரியவர்கள் யாரோ சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள்.

பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து ஈர்க்குக் கட்டுகளும் தனி ஈர்க்கு இரண்டும் கொடுத்து, 38 ஈர்க்குத் தரச் சொன்னோம். மூன்று கட்டும் தனி இரண்டும் தந்தாள். பிறகு கனநேரம் கையைப் பார்த்தாள். வாய் திறவாமல் இருப்பது எங்களுக்குப் பெரும்பாடு. யாரும் சொல்லாமலே ஒரு கட்டை அவிழ்த்து, ஆறு எண்ணித் தந்தாள். மிச்சம் பதினாலு. கொப்பியை எடுத்து 26ஐத் தானே அழித்தாள்.

இன்னும் பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரில் நிற்கும் சகோதரிகள் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வாருங்கள். ஈர்க்கு எங்களிடம் இருக்கிறது.