மலைநாட்டுச் சிரவணர்கள்
(சங்க ஆண்டு விழாச் சொற்பொழிவு)

பெற்றோரைக் காவடியில் சுமந்த சிரவணனை நாமெல்லோரும் அறிவோம். நம் மலைநாட்டிலும் சிரவணர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயரை எந்த ஏடும் குறிக்கவில்லை.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கூப்பன் அரிசி வந்தது. 1945இல் யுத்தம் ஓய்ந்தும் பங்கீடு ஓயவில்லை. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டமோ தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

அந்நாட்களில் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் தாய் விடியுமுன் பிரட்டுக் களத்துக்குப் போவாள். மூத்த பிள்ளை தம்பியை இடுப்பில் ஏந்தும், பீலியில் தண்ணீர் பிடிக்கும், விறகு பொறுக்கும். கோதுமை ரொட்டியில் பாதியைத் தம்பிக்குப் பிய்த்து வைத்துவிட்டு, "எனக்குப் பசிக்கவில்லை" என்று சொல்லும். தாய்க்குத் தெரியும், பேசமாட்டாள்.

இதைப் புகழ்வது எளிது. ஆனால் சிரவணன் வளர்ந்த மகன். இவர்களோ பள்ளிக்குப் போகவேண்டிய குழந்தைகள். ரொட்டியில் பாதியைக் கொடுத்தவர்களில் பலர் படிப்பை முழுவதுமே கொடுத்துவிட்டார்கள். எஞ்சியிருந்த நாடற்றவருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. இழந்த பள்ளி நாட்களை எந்தச் சட்டம் தரும்? 2022இல் மா விலை ஏறியபோதும் வகுப்பில் சில இடங்கள் வெறுமையாயின.

ஆகவே வாலிபர்களே, வகுப்புக்கு வராத பிள்ளையின் லயத்தைத் தேடிச் செல்லுங்கள். மாலையில் கூட இருந்து பாடம் சொல்லிக்கொடுங்கள். பெரியோர்களே, "வீட்டுக்கு உதவும் நல்ல பிள்ளை" என்று மெச்சுமுன், "இன்று பள்ளிக்குப் போனாயா?" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடனை இவ்விதமாகவேனும் தீர்ப்போமாக.